கனடாக் குளிரில் குதிரை: வெளியே நிற்கட்டுமா, ஏறி ஓட்டலாமா?

முதலில், ஒரு பெற்றோர் கேட்ட கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். டொராண்டோவுக்கு வடமேற்கே கேலடன் பக்கம் ஒரு பண்ணையில், 14 வயது மகளுக்காக வசந்தத்தில் வாங்கிய குதிரையை விட்டிருக்கிறார்கள். குவார்ட்டர் ஹார்ஸ் என்ற அமெரிக்க இனம், 12 வயது, எடை சுமார் 500 கிலோ. இரவும் பகலும் வெளியே மற்ற குதிரைகளோடு நிற்கும் ஏற்பாடு. ஒதுங்குவதற்கு மூன்று பக்கம் அடைத்த ஒரு கொட்டகை உண்டு. இப்போது முதல் குளிர்காலம் வருகிறது. "வாயில்லாத சீவனை மைனஸ் 20இல் வெளியே நிறுத்துவது பாவம்" என்று உறவினர்கள் சொல்கிறார்கள். லாயத்துக்குள் மாற்றினால் மாதச் செலவு கூடும். மாற்றத்தான் வேண்டுமா, போர்வை போடவேண்டுமா, மகள் குளிரில் ஓட்டலாமா?

லாயத்துக்கு மாற்ற வேண்டாம். வெளியே நிற்பதுதான் அதற்கு நல்லது. ஆனால் காற்று மறைப்பு, நிறையத் தீனி, உறையாத தண்ணீர், இந்த மூன்றும் குறைவில்லாமல் கிடைக்கவேண்டும். நமக்குக் குளிர்கிறது என்பதால் குதிரைக்கும் குளிரும் என்று எண்ணுவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. வெறும் குளிர் நல்ல உடல்நிலையில் இருக்கும் குதிரையை அவ்வளவு எளிதில் ஒன்றும் செய்யாது. நனைவதும், தாகமும், அடைத்து வைத்த காற்றும், வழுக்கும் தரையும், வேர்வையோடு நிற்பதும்தான் அதைப் படுக்கவைக்கும். இவற்றில் பாதி, நாம் அன்போடு செய்வதால் வருவது.

சைபீரியாவின் யாக்கூத்தியாவில் மைனஸ் 50ஐத் தாண்டும் குளிரில் குதிரைகள் வெட்டவெளியில் பனியைக் கிளறி மேய்கின்றன. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நோவா ஸ்கோஷியாவுக்கு அப்பால் அட்லாண்டிக் கடலில் இருக்கும் சேபிள் தீவில் நூற்றுக்கணக்கான காட்டுக்குதிரைகள் ஒரு கொட்டகைகூட இல்லாமல் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. 1665இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி அனுப்பிய குதிரைகளின் வழியில் வந்த கனடியக் குதிரை இனத்துக்கு 'குட்டி இரும்புக் குதிரை' என்றே பெயர். உங்கள் குவார்ட்டர் ஹார்ஸ் இவற்றின் அளவுக்குத் தடித்த ரோமக்காரன் அல்லதான். ஆனால் உடம்பு வேலை செய்யும் விதம் ஒன்றுதான்.

அதை இப்போதே நீங்கள் பார்க்கலாம். குளிர்கால ரோமம் முளைப்பதற்கு முதல் காரணம் குளிர் அல்ல, பகல் குறைவது. ஜூன் கடைசியில் பகல் குறையத் தொடங்கியதும் உடம்பு தயாராக ஆரம்பிக்கும். செப்டம்பரில் தடவினாலே தெரியும். குளிரும்போது அந்த முடி குத்திட்டு நின்று இடையில் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பனி கொட்டும் நாளில் முதுகில் பனி உருகாமல் அப்படியே கிடந்தால் பதற வேண்டாம். உடம்புச் சூடு வெளியே போகவில்லை என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. குளிருக்குப் பழகி, நல்ல ரோமமும் போதுமான தீனியும் உள்ள குதிரை, காற்றும் ஈரமும் இல்லாவிட்டால் ஏறக்குறைய மைனஸ் 15 டிகிரி வரை சூட்டைக் காப்பாற்றத் தனியாக எதையும் செலவழிப்பதில்லை. அதே குதிரை நனைந்துவிட்டால் பிளஸ் 5 டிகிரியிலேயே நடுங்கும். தெற்கு ஒன்டாரியோவில் ஆபத்தான நாள் மைனஸ் 20இல் வெயிலடிக்கும் நாள் அல்ல. சுழியத்தைச் சுற்றி ஏறி இறங்கி, மழையும் காற்றுமாக அடித்துவிட்டு, இரவில் உறைகிறதே, அந்த நவம்பர், மார்ச் நாள்கள்தான்.

ஆகவே முதலில் கொட்டகையைப் போய்ப் பாருங்கள். இங்கே குளிர்காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வரும். திறந்த பக்கம் தெற்கையோ தென்கிழக்கையோ பார்த்திருக்கவேண்டும். அப்புறம் எத்தனை குதிரை உள்ளே நிற்க முடியும் என்று பாருங்கள். இரண்டு நிற்கிற இடத்துக்கு ஐந்து குதிரை என்றால், அடாவடிக்காரக் குதிரை வாசலில் நின்றுகொள்ளும். உங்களுடையது புதுசு, மழையில்தான் நிற்கும். கொட்டகை இருக்கிறது என்று பண்ணைக்காரர் சொல்வது ஒன்று, உங்கள் குதிரைக்கு அதில் இடம் கிடைப்பது வேறு.

லாயம் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், குளிர்காலத்தில் மனிதர்கள் செய்யும் முதல் வேலை அதன் கதவு சன்னலையெல்லாம் அடைப்பது. உள்ளே மூத்திரத்தின் அமோனியாவும், புல் தூசியும், பூஞ்சையும் சேர்ந்து நிற்கும். நாள் முழுக்க அதை மூச்சிழுக்கும் குதிரைக்கு இருமலும் ஆஸ்துமாவும் வரும். இங்கே ஹீவ்ஸ் என்பார்கள். ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுக்கத் தொடரும். காலையில் லாயத்துக்குள் நுழையும்போது உங்கள் கண் எரிந்தால் அங்கே குதிரையைக் கட்டவே கூடாது. போதாக்குறைக்கு, நடமாட்டமில்லாமல் நிற்கும் குதிரைக்குக் கால் வீங்கும், குடல் மந்தமாகும். காற்றோட்டமுள்ள நல்ல லாயங்களும் இருக்கின்றன, மறுக்கவில்லை. அங்கேயும் பகல் முழுக்க வெளியே விடுவார்களா என்று கேட்ட பிறகே பணம் கொடுங்கள்.

தீனியைப் பற்றி. குதிரையைச் சூடாக வைப்பது தானியம் அல்ல, இங்கே ஹே என்று சொல்லும் காய்ந்த புல். குதிரையின் பெருங்குடலிலும் அதன் முன்பகுதியான சீக்கத்திலும் நார்ச்சத்து நுண்ணுயிர்களால் நொதிக்கும்போது சூடு பிறக்கிறது. வயிற்றுக்குள் ஓர் அடுப்பு எரிகிற மாதிரி; விறகு தீராமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை. உடல் எடையில் ஒன்றரை முதல் இரண்டரை சதவீதம் வரை புல் ஒரு நாளைக்கு வேண்டும். 500 கிலோக் குதிரைக்கு ஏழரை முதல் பன்னிரண்டரை கிலோ. மைனஸ் 15க்குக் கீழே போகும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 2 சதவீதம் கூடுதல் ஆற்றல் தேவைப்படும். மைனஸ் 25 என்று முன்னறிவிப்பு வந்தால் முந்தின மாலையே ஐந்தில் ஒரு பங்கு புல் கூட்டிப் போடச் சொல்லுங்கள். விடிந்த பிறகு போட்டால் இரவு போய்விடும்.

நவம்பர் தொடங்கி மே நடுப்பகுதி வரை இங்கே மேய்ச்சல் இல்லை. சுமார் 200 நாள். நாளுக்குப் பத்து கிலோ என்றால் இரண்டு டன். 20 கிலோ சதுரக் கட்டில் நூறு கட்டு. வீணாவதையும் சேர்த்தால் 115, 120 ஆகும். மாதக் கட்டணத்துக்குள் தீனியும் அடங்கும் என்பதால் இது உங்கள் தலைவலி இல்லை என்று தோன்றலாம். ஆனால் பண்ணையில் போதுமான புல் இருக்கிறதா என்று அக்டோபரிலேயே கேளுங்கள். இங்கே முதல் அறுப்பு ஜூனில். பிப்ரவரியில் தீர்ந்துபோனால் அப்போது கிடைக்கும் புல்லுக்கு விலையும் அதிகம், தரமும் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது. வெளியே பெரிய உருளைக் கட்டு வைப்பவர்கள் என்றால் அது மழையில் நனைந்து பூசணம் பிடிக்கிறதா என்றும் பாருங்கள்.

வெளியே குளிருகிறதே, சூடாக ஏதாவது கொடுப்போம் என்று நம்மவர்களுக்குத் தோன்றும். வெள்ளைக்காரர்களுக்கும் அது உண்டு: ஞாயிற்றுக்கிழமை தோறும் வெந்நீரில் தவிடு கரைத்துக் கொடுப்பது இங்கே பழைய வழக்கம். வாரம் ஒருநாள் திடீரென்று தீனி மாறினால் குதிரையின் குடல் தாங்காது. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச்சத்து குறைவு. சூடாகக் கொடுத்தே தீரவேண்டும் என்றால், சர்க்கரை எடுத்த பீட் கிழங்கின் சக்கையை ஊறவைத்து தினமும் கொஞ்சம் கொடுங்கள். அதோடு தண்ணீரும் உள்ளே போகும்.

ஏனென்றால் குளிர்காலத்தில் குதிரையைக் கொல்லக்கூடிய பெரிய ஆபத்து ஒன்று தண்ணீரில்தான் இருக்கிறது. கோடையில் பச்சைப்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். மேய்ந்தாலே பாதித் தாகம் தீரும். காய்ந்த புல்லில் 10, 15 சதவீதம்தான் இருக்கும். அதாவது குளிர்காலத்தில் குதிரை வாளியிலிருந்து கூடுதலாகக் குடிக்கவேண்டும். ஆனால் தண்ணீர் பல்லைக் கூசவைக்கும் குளிரில் இருப்பதால் குறைவாகக் குடிக்கிறது. நாளைக்கு 25 முதல் 40 லிட்டர் குடிக்கவேண்டிய உருப்படி பத்து லிட்டரோடு நிறுத்திக்கொண்டால், குடலுக்குள் புல் கட்டியாகி அடைத்துக்கொள்ளும். காலிக் என்று சொல்லும் வயிற்றுவலிகளில் குளிர்காலத்துக்கே உரியது இது. கவனிக்காமல் விட்டால் அறுவைச் சிகிச்சையில் போய் நிற்கும்.

பனியைத் தின்று சமாளித்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு வாளித் தண்ணீருக்கு எத்தனை வாளிப் பனி வேண்டும், அதை உருக்க எவ்வளவு உடம்புச் சூடு செலவாகும் என்று யோசித்தாலே போதும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கால்நடைப் பிரிவில் மட்டக்குதிரைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். உறையும் நிலைத் தண்ணீர் மட்டும் கிடைத்ததைவிட, சூடாக்கிய தண்ணீர் மட்டும் கிடைத்தபோது குளிர்காலத்தில் அதிகமாகக் குடித்தன. வேடிக்கை என்னவென்றால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது குளிர்ந்ததையே தேடிப்போய்க் குடித்தன, அதுவும் குறைவாக. "எங்கள் குதிரைக்கு ஐஸ் தண்ணீர்தான் பிடிக்கும்" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் குதிரைக்குப் பிடித்தது வேறு, அதற்குப் போதுமானது வேறு.

பேடக்கில், அதாவது குதிரைகள் நிற்கும் வேலியடைத்த திடலில், இருக்கும் தொட்டியில் மின்சூடாக்கி போட்டிருக்கிறார்களா? போட்டிருந்தால் நல்லது. ஒரு விஷயம் மட்டும்: ஒயரில் கசிவு இருந்தால் குடிக்க வாய் வைக்கும்போதெல்லாம் லேசாக ஷாக் அடிக்கும், குதிரை தொட்டிப் பக்கமே போகாது. தொட்டி நிறைந்திருக்கிறது, உறையவும் இல்லை, ஆனால் தண்ணீர் குறையவேயில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான். தினமும் 30 முதல் 50 கிராம் சாதாரண உப்பைத் தீனியில் கலந்து கொடுத்தால் தாகம் எடுக்கும். உப்புக்கட்டியை நக்கட்டும் என்று விட்டால் குளிரில் பல குதிரைகள் தேவையான அளவு நக்குவதில்லை. சாணத்தையும் பாருங்கள். உருண்டைகள் சிறுத்து, காய்ந்து, வெளியில் பிசின் மாதிரி ஏதோ படிந்திருந்தால் தண்ணீர் போதவில்லை. மகளுக்கு இதை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள், பதினான்கு வயதில் முகம் சுளித்தாலும்.

போர்வை. நல்ல ரோமம், நல்ல சதை, கொட்டகையில் இடம், முடி வெட்டப்படாத உடம்பு என்றால் போர்வை தேவையில்லை. மெல்லிய போர்வையைப் போட்டால் குத்திட்டு நிற்கவேண்டிய முடியை அது அழுத்திப் படுக்கவைத்துவிடும். இயற்கையாக இருந்த பாதுகாப்பும் போய், பதிலுக்குக் கிடைத்ததும் போதாது. வயதானது, மெலிந்தது, முடி கத்தரித்தது, தெற்கிலிருந்து புதிதாக வந்தது, இவற்றுக்குப் போர்வை வேண்டும். உங்களுக்கு நான் வாங்கச் சொல்வது ஒன்றே ஒன்று: பஞ்சு அடைக்காத, நீர் புகாத மேலங்கி. பிளஸ் 3 டிகிரியில் நாள் முழுக்க மழை என்றால் அதைப் போடலாம். மழை நின்றதும் கழற்றவேண்டும். போர்வை போட்ட குதிரைக்கு தினமும் உள்ளே கைவிட்டுத் தோளையும் முதுகையும் தடவிப் பார்க்க ஆள் வேண்டும். உள்ளே வேர்த்திருக்கும், தோள் உரசிப் புண்ணாகியிருக்கும், இல்லையென்றால் மூன்று வாரத்தில் விலா எலும்பு தெரிகிற அளவு மெலிந்திருக்கும். போர்வை அத்தனையையும் மறைத்துவிடும். காதைத் தொட்டுப் பார்த்துக் குளிருகிறது என்று முடிவு கட்டாதீர்கள். காது எப்போதும் குளிர்ந்துதான் இருக்கும்.

குளம்புக்கு வருவோம். குளிரில் குளம்பு மெதுவாக வளரும், அதற்காக லாடக்காரரை நிறுத்திவிடக் கூடாது. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை வரட்டும். லாடம் அடித்த காலில் பனி உருண்டையாகத் திரண்டு, குதிரை குதிகால் செருப்புப் போட்டதுபோல் தடுமாறும். குளிர்காலத்துக்கு லாடத்தைக் கழற்றிவிடுவதே எளிய வழி. வெறுங்குளம்புக்குப் பனியில் பிடிப்பும் அதிகம். குளம்பு மென்மையாக இருந்து லாடம் வேண்டியே தீருமென்றால், பனி திரளாமல் தடுக்கும் பேடும், ஐஸில் பிடிக்கும் டங்ஸ்டன் கார்பைடு முனைகளும் போடச் சொல்லுங்கள். வாசலிலும் தொட்டியைச் சுற்றியும் உறைந்து கண்ணாடியாகிற இடத்தில் மணலோ விறகுச் சாம்பலோ தூவவேண்டும். குளிர்காலத்தில் கால் ஒடிய சவாரிப் பாதை வேண்டியதில்லை, தினமும் நடக்கும் வாசலே போதும். மின்வேலி பற்றியும் ஒரு வார்த்தை: உறைந்த தரையிலும் உலர்ந்த பனியிலும் மின்சாரம் சரியாகத் தரையிறங்காததால் வேலி அடிக்காமல் போகலாம். பனி குவிந்தால் வேலியின் உயரமும் பாதியாகும். குதிரைகள் இரண்டையும் சீக்கிரமே கண்டுபிடித்துவிடும்.

இனி சவாரி. மகள் தாராளமாக ஓட்டலாம். ஆனால் கோடையில் ஓட்டியது மாதிரி அல்ல. டிசம்பரில் இங்கே நாலே முக்கால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும். பள்ளி விட்டு வந்தால் வெளியே ஓட்ட வெளிச்சம் இல்லை, ஆகவே வார நாள்களில் கூரையுள்ள இண்டோர் அரங்கம்தான். பக்கத்துப் பண்ணையில் இருந்தால் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். தகரக் கூரையிலிருந்து வெயில் பட்டதும் பனி மொத்தமாகச் சரிந்து விழும். இடி விழுந்த மாதிரி சத்தம். எவ்வளவு சாதுவான குதிரையும் பாய்ந்து ஓடும். பனி கொட்டிய மறுநாள், கூரை சரிந்து முடிகிற வரை ஏறாமல் இருப்பது நல்லது. முடியாவிட்டால் அன்று கயிற்றில் பிடித்து நடத்தினாலே போதும்.

தொடங்கும்போது கடிவாளத்தின் இரும்பைக் கையிடுக்கில் வைத்துச் சூடாக்கிய பிறகே வாயில் வையுங்கள். மைனஸ் 10இல் இருந்த இரும்பு நாக்கில் ஒட்டும். முதல் 15, 20 நிமிடம் நடை மட்டும். குளிரில் தசையும் தசைநாரும் இளகுவதற்கு நேரமெடுக்கும். அப்புறம் ட்ராட் என்னும் துள்ளு ஓட்டம், கொஞ்சம் கேன்டர் என்னும் மிதமான பாய்ச்சல், மறுபடி நடை என்று மாற்றி மாற்றி ஓட்டவேண்டும். நோக்கம் வேர்க்க விடாமல் ஓட்டுவது. இதைத்தான் பிள்ளைகள் மறப்பார்கள். தடித்த ரோமத்துக்குள் வேர்வை இறங்கினால் காய ஒரு மணி நேரம்கூட ஆகும். அந்த ஈரத்தோடு குதிரையை இருட்டில் வெளியே விட்டால், நனைந்த குதிரைக்கு மேலே சொன்ன கதைதான். இறங்கிய பிறகு கம்பளிப் போர்வை போட்டு நடத்தவேண்டும். கம்பளியோ ஃப்ளீஸோ ஈரத்தை இழுத்து மேலே கொண்டுவரும். சேணத்தின் அடியிலும் முன்னங்கால்களுக்கு நடுவிலும் கைவிட்டு, காய்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகே வெளியே விடவேண்டும். ஒரு மணி நேரச் சவாரிக்கு இரண்டரை மணி நேரம் பண்ணையில் செலவாகும். காரில் காத்திருக்கப்போவது நீங்கள்தான் என்பதால் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

போட்டிக்குத் தயாராகும் குதிரைகளுக்கு வேர்க்கும் இடங்களில், அதாவது கழுத்தின் அடியிலும் மார்பிலும் வயிற்றோரத்திலும், முடியைக் கத்தரித்துவிடுவார்கள். கத்தரித்தால் வசந்தம் வரை தினமும் போர்வை போட்டுக் கழற்றவேண்டும். வாரம் இரண்டு மூன்று முறை ஓட்டும் பிள்ளைக்காக அதைச் செய்யாதீர்கள்.

எத்தனை டிகிரி வரை? என் கணக்கு இது: மைனஸ் 10 வரை வழக்கம்போல். மைனஸ் 10க்கும் 18க்கும் நடுவில் நடையும் கொஞ்சம் ட்ராட்டும். அதற்குக் கீழே ஓட்டவேண்டாம். வறண்ட கடுங்குளிர்க் காற்றை வேகமாக இழுத்து ஓடும்போது குதிரையின் மூச்சுக்குழாய் அழற்சி கொள்ளும் என்பது சோதித்துப் பார்த்த விஷயம். அந்த நாள்களில் தேய்த்துவிடுவது, குளம்பு சுத்தம் செய்வது, தரையில் நின்றபடி பழக்குவது என்று வேலையா இல்லை?

சனி ஞாயிறு வெளியே போகலாம். புதிதாக விழுந்த, கணுக்கால் அளவுப் பனியில் குதிரை நடப்பதைப் பார்க்கவே அழகு. முழங்கால் ஆழம் என்றால் அது சவாரி அல்ல, உழவு; பத்து நிமிடத்தில் வேர்த்துவிடும். மேலே ஐஸ் ஓடு கட்டிய பனி காலைக் கிழிக்கும். உழுது உறைந்த வயலில் நடைக்கு மேல் கூடாது. உறைந்த குளம், ஏரி எதன்மேலும் வேண்டவே வேண்டாம். ஸ்னோமொபைல் பாதைகள் தட்டையாகக் கண்ணை இழுக்கும், அவை அந்த வண்டிகளுக்கானவை.

காலணி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். சாதாரணப் பனிக்காலணி அகலம். சேணத்தில் கால் நுழைக்கும் அங்கவடிக்குள் இறுகிக்கொள்ளும், விழும்போது கழன்று வராமல் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். ஒன்டாரியோவில் 2001இல் வந்த குதிரைச் சவாரிப் பாதுகாப்புச் சட்டம், சவாரி நிலையங்களில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குத் தலைக்கவசத்தையும், வழவழப்பான அடிப்பாகமும் குறைந்தது 1.5 சென்டிமீட்டர் குதியும் உள்ள காலணியையும் கட்டாயமாக்கியிருக்கிறது. குளிர்காலத்துக்கென்றே விற்கும் சவாரிக் காலணி வாங்குங்கள். அங்கவடி ஓர் அளவு பெரிதாக வேண்டியிருக்கலாம். தலைக்கவசத்துக்குள் தடித்த கம்பளித் தொப்பி கூடாது. கவசம் பொருந்தாமல் ஆடும். மெல்லிய உள்தொப்பி கிடைக்கிறது.

பனி விழுவதற்கு முன் முடிக்கவேண்டியவை இரண்டு மூன்று. பல்லை மருத்துவர் பார்க்கவேண்டும். பல் சரியில்லாத குதிரைக்கு எவ்வளவு புல் போட்டும் பயனில்லை. முதல் உறைபனிக்குப் பிறகு, குதிரையின் வயிற்றில் ஒட்டி வாழும் பாட் ஈயின் புழுக்களுக்கு மருந்து கொடுப்பது வழக்கம். பேடக் ஓரத்தில் செம்மேப்பிள் மரம் இருந்தால், உதிர்ந்து வாடிய அதன் இலை குதிரைக்கு நஞ்சு, இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேலிக்கு வெளியே கூட்டித் தள்ளச் சொல்லுங்கள்.

குளிர்காலம் முழுக்க இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கையுறையைக் கழற்றிவிட்டு, ரோமத்துக்குள் விரலை அழுத்தி விலாவைத் தடவிப் பாருங்கள். விலா கண்ணுக்குத் தெரியாமல், தடவினால் மட்டும் தட்டுப்பட்டால் சரி. அழுத்தாமலே எலும்பு எலும்பாகத் தட்டுப்பட்டால் முதலில் புல்லைக் கூட்டுங்கள், மற்ற குதிரைகள் விரட்டுகின்றனவா என்று தீனி போடும் நேரத்தில் போய் நின்று கவனியுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்று வாரத்திலும் தேறவில்லை என்றால், அப்போது லாயத்தைப் பற்றிப் பேசலாம்.